பல்சக்கரக் கூண்டு

நாகம்மா வீட்டு அடுப்படியில், விறகுக்குப் பின்னால், பழைய புடவையில் சுற்றி ஓர் இரும்புக் கூண்டு இருந்தது. கோழி அடைக்கிற கூண்டு அல்ல. ஆணிக் கம்பெனியில் அவள் புருஷன் உலகநாதன் நின்று வேலை பார்த்த யந்திரத்தின் பல்சக்கரத்தை மூடுகிற கம்பிவலைக் கூண்டு. பச்சை வர்ணம் பூசியது. தண்ணீர்க் குடத்தைவிடக் கொஞ்சம் கனம், அதைப் போலவே இடுப்பில் வைத்துத் தூக்கலாம். அதன் நெற்றியில் வைத்த சந்தனமும் குங்குமமும் காய்ந்து உதிர ஆரம்பித்திருந்தன. விறகு எடுக்கக் கை நீட்டும்போதெல்லாம் நாகம்மா முதலில் வாசலைப் பார்த்துக்கொள்வாள்.

சிக்கந்திராபாத்தில் மேட்டுகுடாவைத் தாண்டிப் பாறைகளுக்கு நடுவே இருந்தது அந்தக் கம்பெனி. தண்டவாளத்தைக் கட்டையோடு பிணைக்கிற ஆணியும், போல்ட்டும் நட்டும் அங்கே அடித்தார்கள். பின்னாலேயே ஓட்டு வீடுகளாக ஒரு லைன். காட்பாடி, அரக்கோணம், ஜோலார்பேட்டைப் பக்கத்திலிருந்து ரயில்வே ஒர்க்ஷாப்பில் வேலை கிடைக்கும் என்று ரயிலேறி வந்து, அங்கே இடம் கிடைக்காமல் இங்கே ஒதுங்கியவர்கள்தான் லைனில் பாதிப்பேர். ஊருக்குக் கடுதாசி போடும்போது மட்டும் எல்லாரும் ரயில்வேயிலேயே இருந்தார்கள். அதைப் பொய் என்று சொல்ல முடியாது. அவர்கள் அடித்த ஆணி ரயில்வேயில்தான் இருந்தது.

ஆயுத பூஜை வந்தால் லைனுக்கே ஒரு களை வந்துவிடும். பூஜைக்கு முந்தின நாள் கூண்டுகளைக் கழற்றி அவரவர் வீட்டுக்கு எடுத்து வருவார்கள். ஒரு வருஷத்து எண்ணெய்ப் பிசுக்கைச் சாம்பலும் புளியும் போட்டுத் தேய்ப்பது பெண்டாட்டிமார் வேலை. கம்பெனிச் சட்டத்தில் இது கிடையாது. ஆனால் மேஸ்திரி நடேசனே பின்வாசலில் நின்று, “பாத்துத் தூக்கினு போங்க, கால்ல போட்டுக்காதீங்க” என்று அனுப்பி வைப்பான். கூண்டெல்லாம் பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் போல்ட் துளை ஒவ்வொன்றுக்கும் ஒரு விதம். மாறிப்போனால் மாட்ட முடியாது. அதனால் குழாயடிக்குக் கொண்டுபோகும் முன்பே ஒவ்வொருத்தியும் தன் வீட்டுக் கூண்டின் உள்மூலையில் ஒரு நூல் முடிச்சுப் போட்டுவிடுவாள். நாகம்மாவுக்கு மஞ்சள் நூல். கோவிந்தராஜன் வீட்டில் சிவப்பு. எதிர் வீட்டு ஆரோக்கியமேரிக்கு மாதாவின் நீலம். வேதக்காரி பூஜைக்குக் கூண்டு தேய்க்கிறாயே என்று யாராவது சீண்டினால், “சோறு போடற மிஷினுக்கு வேதம் இன்னா, வெங்காயம் இன்னா?” என்பாள். முடிச்சை யாரும் அவிழ்ப்பதில்லை. அடுத்த வருஷம் பழைய முடிச்சின் மேலேயே புதிது ஏறும்.

தேய்த்த கூண்டு வீட்டில் விளக்கு முன்னால், பொரி கடலைக்குப் பக்கத்தில், மாப்பிள்ளை போல உட்கார்ந்திருக்கும். விஜயதசமி விடிந்து கற்பூரம் காட்டிய பிறகுதான் அதை எடுக்கலாம். எடுத்துக்கொண்டு போய் யந்திரத்தில் மாட்டித்தான் ஓட்டுவார்கள். வருஷாவருஷம் அப்படித்தான் நடந்தது.

அந்த வருஷம் யுத்தம் வந்து கெடுத்தது. பட்டாளத்துக்கு அவசரமாகப் போல்ட் வேண்டுமாம். பூஜையன்று சாயங்காலம் நடேசன் வாயில் சுண்டலோடு லைன் முழுக்கச் சொல்லிக்கொண்டு போனான்.

“நாளைக்கு மொத சங்குக்கே மிஷின் ஓடணும். கூண்டை அப்பறமாப் பொம்பளைங்க கொண்டாரட்டும். மாட்டிக்கலாம்.”

“கூண்டு இல்லாம எப்டி மேஸ்திரி ஓட்டறது?” என்றான் உலகநாதன்.

“பூஜ போட்ட மிஷின் கடிக்குமாய்யா?”

பூஜை போட்ட மிஷின் கடித்தது. எண்ணெய் விடக் குனிந்தவனின் சட்டைக் கை பல்லுக்குள் போய், வலது கையில் கட்டைவிரலைத் தவிர மற்ற நான்கையும் எடுத்துக்கொண்டுதான் விட்டது. நாகம்மா வீட்டைப் பூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். அவள் அந்த வராந்தாவில் தலையில் அடித்துக்கொண்டிருந்த நேரத்தில், லைனில் வேறொன்று நடந்தது. நடேசன் வீடு வீடாக ஆள் அனுப்பினான். பெண்கள் ஆளுக்கொரு கூண்டைத் தூக்கிக்கொண்டு பின்வாசலுக்கு ஓடினார்கள். மத்தியானத்துக்குள் எல்லா யந்திரத்திலும் கூண்டு ஏறிவிட்டது, ஒன்றைத் தவிர. அந்த ஒன்று பூட்டிய வீட்டுக்குள் அணைந்த விளக்கின் முன்னால் இருந்தது.

கம்பெனி உடனே கதையை மாற்றிக்கொண்டது. எங்கள் கூண்டு எதுவும் எந்நாளும் வெளியே போனதில்லை, இந்த ஆள் தானாகவே கழற்றி எங்கேயோ போட்டுவிட்டான் என்றார்கள். அதைக் கேட்டதும் நாகம்மா கூண்டைப் புடவையில் சுற்றி விறகுக்குப் பின்னால் தள்ளிவிட்டாள்.

உலகநாதன் வீடு திரும்பியபோது குளிர் ஆரம்பித்துவிட்டது. கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, பிள்ளை பெற்றவள் போலக் கம்பளிக்குள் உட்கார்ந்திருந்தான். சோளத்தில் தட்டிய ஜொன்ன ரொட்டியைப் புளிச்சக்கீரையில் நனைத்து நாகம்மா ஊட்டப் போனால் முகத்தைத் திருப்பிக்கொள்வான். இடது கையால் தானே எடுத்துச் சிந்திச் சிந்தித் தின்பான்.

ஒரு நாள் காலையில் நடேசன் வந்தான். கையில் மடித்த காகிதம் இருந்தது.

“இன்னா உலகநாதா, வலி எப்டி கீது?”

“கீது மேஸ்திரி. இல்லாத வெரலுதான் ரொம்ப வலிக்குது.”

நடேசன் எதிரே உட்கார்ந்தான். காகிதத்தைப் பிரித்தான். “மொதலாளி நல்ல மனசுக்காரரு. மாசக் கடைசி வரைக்கும் வூட்ல இருந்துக்கோன்னுட்டாரு. தருமமா ஏதோ குடுக்கறேன்னும் சொன்னாரு. நீயாக் கூண்டைக் கழட்டிட்டு வேல செஞ்ச, தப்பு உன்னுதுன்னு இதுல ஒரு வரி. அவ்ளோதான்.”

“கூண்டு இல்லாம ஓட்டச் சொன்னது நீதான மேஸ்திரி” என்றாள் நாகம்மா.

“நானா? யாரு கேட்டாங்க? கேட்டவங்களை வந்து சொல்லச் சொல்லு.”

“அவரு எப்டிக் கையெழுத்துப் போடுவாரு, இந்தக் கையோட?”

“ரேகை போதும்மா. எடது கட்டவெரல் நல்லாத்தான கீது.”

அந்த நேரம் பார்த்து மகள் வேதா உள்ளேயிருந்து வந்தாள். லைன் பள்ளிக்கூடத்தில் படிக்கிற குழந்தை. வீட்டில் தமிழில் கேட்டால் தெலுங்கில் பதில் சொல்கிற ஜாதி. வந்தவரிடம் வீட்டுப் பெருமை பேச அவளுக்கு ஆசை.

“மாமா, மா இன்ட்லோ பெத்த பஞ்சரம் உந்தி” என்றாள். எங்கள் வீட்டில் பெரிய கூண்டு இருக்கிறது.

நாகம்மா எட்டிக் குழந்தையின் தோளைப் பிடித்தாள். நடேசன் குழந்தையைப் பார்த்தான், பிறகு அவளைப் பார்த்தான். “கூண்டா? இன்னா கூண்டு?”

“கோழி வளக்கலாம்னு கூடை ஒண்ணு வாங்கி வெச்சேன். அத்தத்தான் சொல்லுது.”

“ஓகோ. கோழி வந்தா சொல்லியனுப்பு, கறிக்கு வரேன்.” எழுந்து செருப்பை மாட்டியவன் வாசலில் நின்றான். “கம்பெனில ஒரு கூண்டு கொறையுது உலகநாதா. வூடு வூடாப் பாக்கணும்னு மொதலாளி சொல்லிக்கினு கீறாரு. யாரு வூட்ல கெடைக்குதோ, கழட்டினதும் அவன்தான், திருடினதும் அவன்தான். போலீசுக்குத்தான் போவும். காயிதத்தை வெச்சிட்டுப் போறேன், யோசிச்சுக்கினு சொல்லு.”

அவன் போனதும் நாகம்மா குழந்தையை அடிக்கக் கை ஓங்கினாள். ஓங்கிய கை இறங்கவில்லை. அப்படியே அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

சில்கல்குடாவில் ஜம்புநாதன் என்று ஒரு வக்கீல், கூலிக்காரர்களின் கேஸை எடுக்கிறார் என்று கோவிந்தராஜன் காதோடு காதாகச் சொல்லியிருந்தார். கோவிந்தராஜன் கம்பெனியில் பழைய ஆள். சொன்னவர் தான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம் என்றும் சேர்த்தே சொன்னார். நாகம்மா புருஷனைக் கூட்டிக்கொண்டு நடந்தே போனாள். ஜம்புநாதன் குடும்பம் கண்டோன்மென்ட் காலத்திலேயே வந்து வேரூன்றியது. அவர் பேசினால் தமிழ் எங்கே முடிகிறது, உருது எங்கே ஆரம்பிக்கிறது என்று அவருக்கே தெரியாது.

நடேசனின் காகிதத்தைப் படித்துவிட்டு விசிறிபோல ஆட்டினார். “இதுல ரேகை கீகை நக்கோ. கேட்டியாப்பா? செத்தாலும் வெக்காதே.”

“மொதலாளி தருமமா ஏதோ...” என்று இழுத்தான் உலகநாதன்.

“தருமம் கைக்கு? இது தருமம் இல்ல, உன் பாத்தியம். வேலை செய்யற எடத்துல, வேலை செய்யறப்போ அடிபட்டா மொதலாளி நஷ்டஈடு குடுத்தே தீரணும். அவர் மேல தப்பு இருக்கா இல்லையான்னு கேள்வியே கிடையாது. கை போனா இவ்ளோ, விரல் போனா இவ்ளோன்னு சட்டத்துலயே கணக்கு இருக்கு. இத்தை வெச்சு ஒரு பெட்டிக்கடை போட்டுக்கலாம், பொழச்சுக்கலாம். மூணே மூணு சங்கதில மட்டும் மொதலாளி நழுவலாம். குடிச்சுட்டு வந்தியா?”

“ஐயோ, இல்லீங்க.”

“செய்யாதேன்னு கண்டிஷனாச் சொன்னதை வேணும்னே செஞ்சியா?”

“இல்லீங்க.”

“காபந்துக்கு வெச்ச சாமானை வேணும்னே கழட்டினியா?”

உலகநாதன் நாகம்மாவைப் பார்த்தான். அவள் தரையைப் பார்த்தாள். அவளுக்கு விறகடுக்கு கண்ணில் தெரிந்தது.

“கூண்டே கெடையாதுங்க” என்றான் உலகநாதன். “என் மிஷினுக்குக் கம்பெனி கூண்டே குடுக்கலீங்க.”

“கடிக்கிற சக்கரத்துக்குக் கூண்டு குடுக்கலியா? ஹவ்? நெஜமாவா? அப்போ ரொம்ப சுளுவு.” வக்கீல் உற்சாகமாகிவிட்டார். “நோட்டீஸ் இன்னிக்கே போவுது. கம்பெனி டாக்டர் பாக்கணும்னு கூப்ட்டா போ, மாட்டேங்காதே, அத்தையே சாக்கு ஆக்கிடுவான். வேற யார் வந்து என்ன காயிதம் நீட்டினாலும் என்னைக் கேளு.”

திரும்பி வருகிற வழியில் ரயில் பாலத்தருகே வந்ததும் நாகம்மா கேட்டாள்: “இன்னாத்துக்கு மாமா அப்டிச் சொன்ன?”

“வேற இன்னா சொல்லச் சொல்ற? பொண்டாட்டி தேச்சு வெச்சுக்கினு கீறா, அடுப்படில கீதுன்னா? உன்னையும் சேத்துப் புடிச்சுக்கினு போவான்.”

ஒரு பொய்யை மறைக்க ஒன்பது பொய் என்பார்கள். நாகம்மாவுக்கு ஒன்பது வேண்டியிருக்கவில்லை. இருந்த ஒன்றே அவளைத் தின்றது. நாய் குரைத்தால் போலீஸ் என்று எழுந்தாள். தெருவில் செருப்புச் சத்தம் கேட்டால் அடுப்படிக்குப் போய் விறகின் முன்னால் நின்றாள். குழந்தையைப் பள்ளிக்கூடம் அனுப்பவில்லை, அங்கே போய் என்ன சொல்லித் தொலைக்குமோ என்று. கடைசியில், ஞாயிற்றுக்கிழமை லைனைச் சோதனை போடப்போகிறார்கள் என்ற பேச்சு குழாயடியில் வந்த அன்று, அவள் மனம் ஒரு முடிவுக்கு வந்தது. சனிக்கிழமை பொழுது சாயும்போது கூண்டை அழுக்குத் துணி மூட்டைக்குள் வைத்துத் தலையில் தூக்கிக்கொண்டு குளத்துக்குப் போனாள்.

குளத்தங்கரையில் ஈ காக்கை இல்லை. பதுக்கம்மா பண்டிகைக்குத் தெலுங்குப் பெண்கள் விட்ட பூவெல்லாம் கருகிக் கரையோரம் ஒதுங்கிக் கிடந்தது. மூட்டையைப் பிரித்துக் கூண்டை எடுத்தாள். கையை ஓங்கினால் முடிந்தது. ஆனால் அதன் நெற்றியில் குங்குமம் இருந்தது. அவள் கையாலேயே வைத்தது. விளக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டதை, கற்பூரம் காட்டி எடுக்காததை, குளத்தில் போடுவதா? ஏற்கெனவே நாலு விரலை வாங்கிக்கொண்டதற்கு இன்னும் கோபம் வந்தால், மிச்சம் என்ன கேட்கும்? முட்டிக்கால் தண்ணீர்வரை இறங்கியவள் போடவும் முடியாமல் திரும்பவும் முடியாமல் அங்கேயே நின்றாள்.

“நாகம்மா.”

திடுக்கிட்டதில் கூண்டு கையிலிருந்து நழுவப் பார்த்தது. கரையில் ஆரோக்கியமேரி குடத்தோடு நின்றாள். அடிபட்ட நாளிலிருந்து அவள் நாகம்மாவின் முகத்தைப் பார்த்ததே இல்லை. வாசலில் நின்றால் உள்ளே போய்விடுவாள்.

“மேரி, சொல்லிடாதடி. உன் காலைப் புடிச்சுக்கறேன்.”

“கால்ல வுழுந்து இன்னா ஆவப்போவுது, மேல வா. சேத்துல நிக்கற.” மேரி தண்ணீரில் இறங்கிக் கூண்டின் மறுபக்கத்தைப் பிடித்தாள். இருவருமாகக் கரைக்குக் கொண்டுவந்து போட்டார்கள். மேரி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். “அன்னிக்கு நானும்தான் தூக்கினு ஓடினேன். உன் வூட்டுப் பூட்டை உடைச்சு இதையும் எடுத்துக்கினு போயிருந்தா... ஒருத்திக்கும் தோணலியே.”

“தோணியிருந்தா மட்டும் வெரல் வந்துடுமா?”

“நீ சாட்சிக்குக் கூப்புடுவியோன்னுதான் மூஞ்சியைக் காட்டல. அவருக்கு வேல போய்ட்டா இந்த ஊர்ல எங்களுக்கு யாரு கீறாங்க? நாலு புள்ளைங்க.”

“கூப்புடல மேரி. உன் பேர என் வாயால சொல்ல மாட்டேன். மாதா மேல ஆணை.”

“உனக்கு ஏதுடி மாதா?”

“உன் மாதாதான்.”

மேரி மூக்கை உறிஞ்சினாள். சிரித்தாளா அழுதாளா என்று அந்த இருட்டுகிற வெளிச்சத்தில் தெரியவில்லை. “இதைத் தண்ணீல போடாத. நெஞ்சுல கல்லாக் கெடக்கும். எடுத்துக்கினு போய் அந்த வக்கீல்கிட்ட உள்ளதைச் சொல்லிடு. வைத்தியருகிட்ட புண்ணை மறைச்சா யாருக்கு நஷ்டம்?”

நாகம்மா லைனுக்குத் திரும்பாமல் அப்படியே ஈரப் புடவையோடு சில்கல்குடாவுக்கு நடந்தாள். ஜம்புநாதன் கதவைத் திறந்து, மூட்டையிலிருந்து வெளிவந்ததைப் பார்த்து, பேச்சற்று நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகு பேச்சு வந்தது. மழை மாதிரி வந்தது.

“கூண்டே இல்லேன்னு மனு போட்டுட்டேனே. நஷ்டஈட்டுக் கமிஷனர் முன்னால என் தலையைக் கொண்டுபோய் எங்க வெச்சுக்குவேன்? புருஷனுக்குப் புத்தி இல்ல, உனக்குமா இல்ல?”

“பயந்துட்டோங்க.”

“பயந்தா என்கிட்ட வந்து பயப்படணும். சொல்லு, ஆரம்பத்துலேருந்து சொல்லு. ஒரு வார்த்தை விடாதே.”

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். புளி, சாம்பல், பொரி, சங்கு, நடேசன் சொன்னது. வக்கீல் கேட்டுக்கொண்டே கூண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் விரல் உள்மூலையில் எதிலோ தட்டியது. மஞ்சள் நூல், பருத்த கொட்டைப்பாக்கு அளவுக்கு.

“இது என்ன?”

“அடையாள முடிச்சுங்க. மாறிடாம இருக்கறதுக்கு. ஒவ்வொரு பூஜைக்கும் ஒண்ணு.”

“எல்லாக் கூண்டுலயும் உண்டா?” அவர் குரல் இறங்கிவிட்டது. “வருஷாவருஷம் ஏறினதா?”

“ஆமாங்க.”

“அப்போ வருஷாவருஷம் கூண்டு வீட்டுக்குப் போயிருக்கு. மேஸ்திரி கண்ணெதிர, கம்பெனி வாசல் வழியா. இவன் வேணும்னே கழட்டினான்னு எவன் சொல்ல முடியும்?” எழுந்து நடந்தார். “எது யார் முடிச்சுன்னு நீ சொல்லிடு, நான் பாத்துக்கறேன்.”

நாகம்மா மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். “அது மட்டும் என்னால ஆவாதுங்க. பேரு சொன்னா அவங்க வேல போய்டும்.”

“உன் கேஸ் போய்டும், அது பரவால்லியா?”

பரவாயில்லை என்று எப்படிச் சொல்வாள்? கூண்டு அன்றைக்கு வக்கீல் வீட்டிலேயே தங்கியது. மறுநாள் லைனைச் சோதனை போட்டவர்களுக்கு நாகம்மா வீட்டு விறகுக்குப் பின்னால் ஒரு தேள்தான் கிடைத்தது.

விசாரணைக்கு மூசி ஆற்றைத் தாண்டிப் பட்டணத்துக்குள் போக வேண்டியிருந்தது. கமிஷனர் சாயபு ஷெர்வானி போட்ட மெலிந்த மனிதர். யாரையும் பார்த்துச் சிரிப்பதில்லை என்று யாருக்கோ சத்தியம் செய்து கொடுத்தவர் போல இருந்தார். முதல் மனு தப்பு என்று ஜம்புநாதன் எழுந்து ஒப்புக்கொண்டார். நாகம்மா கூண்டைக் கொண்டுபோய் மேஜைமேல் வைத்தாள். கம்பெனி வக்கீல் கல்யாணச் சாப்பாட்டைப் பார்த்தவர் போல மலர்ந்தார்.

“ஹுஸூர், இதற்குமேல் என்ன வேண்டும்? கழற்றியவன் வீட்டிலேயே இருந்திருக்கிறது.”

கமிஷனர் நாகம்மாவைப் பார்த்து உருதுவில் கேட்டார். பஜாரில் காய் வாங்கப் பழகிய உருதுவில் அவள் பதில் சொன்னாள். தேய்த்தது நான்தான் என்றாள். எல்லா வீட்டிலும் தேய்ப்போம் என்றாள். கூண்டு வருவதற்குள் ஓட்டச் சொன்னது மேஸ்திரி என்றாள். எல்லாக் கூண்டிலும் இதுபோல உண்டு என்று முடிச்சைத் தொட்டுக் காட்டினாள்.

“சுத்தப் பொய் சாயபு” என்றான் நடேசன். “எந்தக் கூண்டும் வெளிய போனதில்ல.”

கமிஷனர் பேனாவை மூடினார். இப்போதே கம்பெனிக்குப் போய்ப் பார்த்துவிடலாம் என்று எழுந்துவிட்டார். நாகம்மாவுக்குப் புதுக் கவலை பிடித்தது. முடிச்சுகளை அறுத்துப் போட்டிருந்தால்? மோட்டாரில் ஓர் ஓரமாக ஒடுங்கி உட்கார்ந்து, வழியெல்லாம் முனீஸ்வரனையும் மாதாவையும் மாற்றி மாற்றிக் கூப்பிட்டுக்கொண்டே வந்தாள்.

கமிஷனர் நுழைந்ததும் யந்திரங்களை நிறுத்தினார்கள். அந்த இடத்தைச் சத்தமில்லாமல் நாகம்மா பார்த்ததே இல்லை. எல்லாக் கூண்டுக்கும் புதுப் பச்சை வர்ணம், கெட்டியாக, மூலை முடுக்கெல்லாம் அப்பியிருந்தது. நோட்டீஸ் வந்த உடனேயே அடித்திருக்க வேண்டும், புத்தம் புதுசு போல இருந்தன.

“பாருங்க சாயபு” என்றான் நடேசன், தைரியம் வந்தவனாக. “எதுலயாவது நூலு கீதா?”

முதல் யந்திரம் மேரியின் புருஷன் சூசையுடையது. கமிஷனர் சொன்னதும் சூசை கூண்டைக் கழற்றிக் கீழே வைத்தான். நாகம்மா உட்கார்ந்து உள்மூலையைத் தடவினாள். விரலுக்கு ஒரு முண்டு தட்டியது. வர்ணத்துக்கு அடியில் இருந்தது. நகத்தால் சுரண்டினாள். நகக்கண்ணில் வர்ணம் ஏறி வலித்தது, விடாமல் சுரண்டினாள். தோல் உரிந்தது போல வர்ணம் உரிந்து, உள்ளே நீலம் தெரிந்தது. நீலத்தின் கீழே மங்கிய நீலம், அதன் கீழே இன்னும் மங்கியது.

“குப்ப நூலு சாயபு” என்றான் நடேசன் அவசரமாக. “எண்ணெ தொடைக்கறப்போ ஒட்டிக்கினு கீது.”

கமிஷனர் குனிந்து பார்த்தார். நாகம்மாவைக் கேட்டார்: “இது யார் கட்டியது? தெரியுமா?”

சூசை தன் கால்களையே பார்த்துக்கொண்டு நின்றான். ஜம்புநாதன், சொல்லிவிடு என்று கண்ணால் கெஞ்சினார். கதவோரம் கட்டுப்போட்ட கையோடு உலகநாதன் நின்றான். ஒரே ஒரு பெயர். அதைச் சொன்னால் வீடு உண்டு, பெட்டிக்கடை உண்டு, குழந்தைக்குச் சோறு உண்டு.

“தெரியும் சாப். சொல்ல மாட்டேன்.”

“சொல்லாவிட்டால் உன் புருஷனுக்கு ஒன்றும் கிடைக்காமல் போகலாம். புரிகிறதா?”

“புரியுது சாப்.”

கமிஷனர் நிமிர்ந்தார்.

“மேரி அவுரத் பாந்தி, சாப்” என்றான் சூசை. என் பெண்டாட்டி கட்டியது. தலையைத் தூக்காமலேயே சொன்னான். சொன்ன பிறகு தூக்கினான். “வருஷாவருஷம் கட்டுவா. மேஸ்திரி வாசல்ல நின்னு அனுப்புவாரு. அன்னிக்கு நானும் கூண்டு இல்லாமத்தான் ஓட்டினேன். அவரு சொன்னாரு, ஓட்டினேன். என் கை தப்பிச்சுது, அவன் கை போச்சு.”

அடுத்த யந்திரத்தில் கிழவர் கோவிந்தராஜன் ஒன்றும் பேசவில்லை. தன் கூண்டைக் கழற்றி, மூலையைக் கட்டைவிரலால் சுரண்டி, சிவப்பு தெரிந்ததும் கமிஷனர் பக்கமாகத் திருப்பி வைத்தார். மற்றவர்கள் குனிந்த தலை நிமிரவில்லை. அவர்களைச் சொல்லியும் குற்றமில்லை.

கமிஷனர் கம்பெனி வக்கீலிடம் இரண்டு வார்த்தை பேசினார். ஜம்புநாதன் ஓடிவந்தார். “வேணும்னே கழட்டினாங்கற வாதம் இனிமே எடுபடாதுன்னுட்டார்மா. நஷ்டஈடு உண்டு. எவ்வளவுங்கறதுதான் பாக்கி. ஜெயிச்சுட்டோம்.”

நாகம்மா தலையாட்டினாள். சந்தோஷம் வரும் என்று காத்திருந்தாள், வரவில்லை. நடேசன் சூசையையே பார்த்துக்கொண்டு நிற்பது அவள் கண்ணில் பட்டது. இத்தனை நாளும் தன் வீட்டுக்காக மட்டும் பயந்துகொண்டிருந்தாள். இப்போது எதிர் வீட்டுக்காகவும் சேர்த்துப் பயப்பட வேண்டியிருந்தது.

சங்கு ஊதியது. யந்திரங்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பின. சூசை பழக்கதோஷத்தில் பிடியை இழுக்கக் கையை நீட்டினான்.

“அண்ணே, இரு” என்றாள் நாகம்மா. “கூண்டு.”

தரையில் கிடந்ததைத் தூக்கிப் பல்சக்கரத்தின் மேல் பொருத்தி இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். சூசை கடைசி நட்டை முறுக்கி முடிக்கும்வரை அவள் கையை எடுக்கவில்லை.